ஸ்டோலின் வலது முழங்கால்

விசில் ஊத இன்னும் இருபத்தைந்து நிமிடம். அதுவரை இந்தக் காருக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடக்க வேண்டும். மற்ற பத்துப் பேரும் கொட்டகையில் ஒன்றாக உடை மாற்றிக்கொண்டு, ஒருவன் முதுகில் ஒருவன் தட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் மெக்கெய்ப்பின் சுருட்டுக்கடைப் பின்னறையில் புகையிலைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று உடை மாற்றி, அவருடைய காரில் ஏறி, பக்கத்துக் கித்தான் திரைகளை இறக்கிவிட்டு, மைதானத்தின் மூலையில் வந்து ஒளிந்துகொள்வேன். ஆட்டம் தொடங்கும் நிமிடத்தில் இறங்கி நேராக ஓட வேண்டும். கறுப்பன் சும்மா நின்றால் கல் வரும், பந்தோடு ஓடினால் கைதட்டல் வரும், ஆகவே நீ நிற்காதே எஸ்ரா, ஓடு, என்பார் மெக்கெய்ப். அவர்தான் எங்கள் கிரெஸ்லி ஊர் அணியின் மேனேஜர். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொல்கிறார். நானும் சிரித்து வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாகச் சிரித்துச் சிரித்துக் கன்னம் மரத்துவிட்டது. திரையில் கை அகலத்துக்கு மங்கலான ஒரு கண்ணாடித்தாள் ஜன்னல். அதன் வழியாகத் தெரிவதெல்லாம் தொப்பிகள், அப்புறம் தொப்பிகள், நடுவில் மார்ஷ்வில் ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் பச்சைக்கொடி. மார்ஷ்வில். அந்தப் பெயரை மனசுக்குள் சொன்னாலே வலது முழங்கால் ஒரு சுண்டு சுண்டுகிறது. கை தானாக அங்கே போகிறது. தைலம் பூசி, துணி சுற்றி, மேலே கம்பளிக் காலுறை. எல்லாவற்றையும் தாண்டி முழங்கால் சில்லு விரலுக்குத் தட்டுப்படுகிறது, இருக்க வேண்டிய இடத்திலிருந்து அரை விரற்கடை தள்ளி. மார்ஷ்வில் ஆட்டக்காரன் ஹெர்மன் ஸ்டோல் தள்ளி வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருக்கிறது.

போன நவம்பர், இதே மார்ஷ்வில், அவர்கள் ஊர் மைதானம். இந்த அமெரிக்க ஆட்டத்துக்குக் கால்பந்து என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ, பந்து கையில் இருக்கும், கால் மற்றவன் பிடியில் இருக்கும். பந்தைக் கட்டிக்கொண்டு ஓடினேன், விழுந்தேன், மேலே ஏழெட்டுப் பேர் குவிந்தார்கள், விசில் ஊதியாயிற்று. விசில் ஊதியாயிற்று, இதைக் கர்த்தருக்கு முன்னால் நின்றும் சொல்வேன். மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோகிற நேரத்தில், என் முகம் சேற்றில் புதைந்திருக்க, ஒருவன் மட்டும் எழவில்லை. என் தொடைமேல் உட்கார்ந்தான். பாதத்தைப் பிடித்தான். அவசரமே படவில்லை. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி திருப்பினான். சத்தம் காதுக்கு வரவில்லை, பல்லுக்கு வந்தது. "இப்ப ஓடுடா பாக்கலாம்," என்றான். தலையைத் திருப்பிப் பார்த்தேன். அடர்ந்த மஞ்சள் மீசை, அதில் சேறு. எழுந்திருக்கும்போது இரண்டு கைகளையும் என் சட்டை முதுகில் துடைத்துக்கொண்டு போனான். அந்தத் துடைப்பு இருக்கிறதே. காலைத் திருப்பியதையாவது ஆட்டத்தில் சேர்த்துவிடலாம், யார் யார் காலையோ யார் யாரோ திருப்பியிருக்கிறார்கள். கையைத் துடைத்துக்கொண்டானே, அதை எதில் சேர்ப்பது? ஏழு வாரம் படுக்கையில் கிடந்து இதையேதான் யோசித்தேன். இன்னொரு தடவை இப்படித் திரும்பினால் ஆட்டம் மட்டுமில்லை, நடையும் போச்சு என்றார் டாக்டர். அவர் போனதும் ஹாட்டி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் மனைவி அழுகிற ஜாதி இல்லை. "நீ ஆடு, வேணாங்கல. ஆனா அவனைத் தேடிக்கிட்டுப் போகாத. எனக்கு முழுசா ஒரு புருஷன் வேணும்," என்றாள். சரி என்றேன். படுத்துக்கிடக்கிறவன் எதற்குத்தான் சரி சொல்ல மாட்டான்.

தேடிக்கொண்டு போகவில்லை. அவன்தானே வரப்போகிறான். ஒரு வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தேன். நான் வேலை பார்க்கும் இரும்பு வார்ப்பட்டறையில் மணல் இடிக்கும்போது ஒவ்வொரு இடியும் வலது முழங்கால், வலது முழங்கால் என்றே விழும். கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்று வாசித்துவிட்டு எங்கள் பாதிரியார் அவசர அவசரமாக மறு கன்னத்துக்குப் போய்விடுவார். நான் அவரோடு போகவில்லை, முதல் வசனத்திலேயே நின்றுகொண்டேன். பட்டறைக்குப் பின்னால் ஒரு மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, ஸ்டோலின் உயரத்துக்கு எங்கே முழங்கால் வருமோ அங்கே சாக்கட்டியால் ஒரு கோடு. ஓடி வந்து, சறுக்கி விழுந்து, மல்லாந்து, குதிகாலை அந்தக் கோட்டில் இறக்க வேண்டும். அவன் என்மேல் பாயும்போது நான் தரையில் கிடப்பேன், வருகிறவன் அவன், கிடக்கிறவன் நான், எந்த நடுவர் என்னைக் குற்றம் சொல்வார்? மூன்று மூட்டை கிழிந்தது. அதற்கு முன்னால் என்ன யோசித்துக்கொண்டிருந்தேன்? மீசை. சேறு. இல்லை, நேரம். இருபது நிமிடம் இருக்கலாம். பயமா? பயம்தான், யாரிடம் மறைக்க. குறி தப்பினால் என் கால்தான் அவன் உடம்புக்கு அடியில் மாட்டும். தப்பாது. மூட்டை அசையும்போதே தப்பவில்லை.

திரை விலகுகிறது. முதலில் குளிர், அப்புறம் சுருட்டு வாசனை, அப்புறம் மெக்கெய்ப்பின் முகம். முகம் முழுக்கப் பல்.

"எஸ்ரா, ஒரு சேதி. கேட்டா துள்ளிக் குதிப்பே."

"சொல்லுங்க, மிஸ்டர் மெக்கெய்ப்."

"ஸ்டோலைத் தூக்கிட்டேன்."

"எந்த ஸ்டோல்?" கேட்கும்போதே என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருக்கிறது.

"எத்தனை ஸ்டோல் இருக்கான்? மார்ஷ்வில் ஸ்டோல்தான். அவங்க மேனேஜரோட ஏதோ சண்டையாம், நேத்து சாயங்காலம் ரயிலேறி வந்து நின்னான். விடுவேனா? மீசையை எடுத்தாச்சு, தோல் தொப்பியை மாட்டினா பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. இன்னிக்கு அவன் பேரு பேக்கர். உனக்கு முன்னாடி, இடது பக்கம் நிக்கப்போறான். நீ ஓடறதுக்கு வழி திறந்து விடறதுதான் அவன் வேலை." என் முகத்தை ஒரு கணம் பார்க்கிறார். "பழசை மனசுல வெச்சுக்காதேப்பா. ஆட்டத்துல அதெல்லாம் சகஜம்."

"எது?"

"அதான், அந்தக் காலு."

"ஓ, அதுவா," என்று சிரித்து வைக்கிறேன். திரை விழுகிறது.

இதுதான் எங்கள் தொழிலின் லட்சணம். இந்த ஞாயிறு ஒரு ஊருக்கு, அடுத்த ஞாயிறு எதிரி ஊருக்கு, இடையில் ஒரு பொய்ப்பெயர். எல்லா மேனேஜரும் செய்கிறார்கள், எல்லா மேனேஜரும் தான் மட்டும்தான் கெட்டிக்காரன் என்று நினைக்கிறார்கள். ஆனால் என்னுடைய ஸ்டோலை எப்படி எடுக்கலாம்? ஒரு வருடமாக நான் பார்த்துப் பார்த்து வளர்த்த பகை, அதன்மேல் எங்கள் அணிச் சட்டையை மாட்டி என் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டாரே இந்தச் சுருட்டுக்கடைக்காரர். வயிறு எரிகிறது. எதிரே நின்றால் அல்லவா அவன் என்மேல் பாய்வான், பாய்ந்தால் அல்லவா குதிகால். அப்புறம், மெதுவாக, இன்னொன்று தோன்றுகிறது. எனக்கு முன்னால் ஓடப்போகிறவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதானே ஓடுவான். முழங்காலுக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் இளசு. இடித்துக்கொண்டு ஓடுகிற நெரிசலில் பின்னால் வருகிறவனின் பூட்ஸ் எங்கே படுகிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? ஐயோ, நல்லதாகப் போயிற்று. உடம்பு சூடாகிறது, கம்பளியைத் தள்ளிவிடுகிறேன். உடனே குளிர்கிறது, மறுபடி இழுத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் எதற்கு வந்தான்? மிச்சமிருக்கிற என் இடது காலுக்காகவா? வழி திறக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசிக் கணத்தில் சும்மா விலகி நின்றால் போதுமே, எதிரே இருக்கிற பதினோரு பேரும் நேராக என்மேல் வந்து விழுவார்கள், அவன் கையில் சேறுகூட ஒட்டாது. துடைத்துக்கொள்ளவும் வேண்டாம். அவன் முந்துவானா நான் முந்துவேனா? வலது முழங்கால். பின்பக்கம். வலது.

திரை மறுபடி விலகி, ஒரு பெரிய உடம்பு பின்பக்கமாக ஏறுகிறது. கார் ஒரு பக்கம் சாய்கிறது. வெளியே மெக்கெய்ப் குரல்: "விசில் வரைக்கும் இங்கேயே இரு. உங்க ஊர்க்காரன் எவன் கண்ணுலயாவது பட்டே, தொலைஞ்சோம்."

ஆக, கறுப்பன் என்பதால் நான் ஒளிந்திருக்கும் இடத்தில், பேக்கர் என்பதால் அவனும் ஒளிய வேண்டும். கதவோரமாக உட்காருகிறான். மீசை இல்லாமல் மேலுதடு, வேகவைத்து உரித்த கிழங்குபோல் வெளிறிக் கிடக்கிறது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான். கை எட்டுகிற தூரத்தில் அது இருக்கிறது, ஒரு வருடமாக மூட்டைமேல் கோடு போட்டு நான் உதைத்த அது, தோலும் எலும்புமாக.

"போன வருஷம் நீ எங்களுக்கு எதிரா ஆடினேல்ல? நல்லா ஓடினே," என்கிறான்.

அவ்வளவுதான். நல்லா ஓடினே. மறந்துவிட்டானா, நடிக்கிறானா? முகத்தில் தேடுகிறேன், ஒன்றும் இல்லை. நடிக்கிறான் என்றால் அவனைக் கொல்லலாம். மறந்துவிட்டான் என்றால், என்ன செய்வது? ஒருவன் ஒரு வருடம் கண்ணை மூடாமல் நினைத்துக்கொண்டே இருப்பானாம், இன்னொருவன் கையைத் துடைத்ததோடு மறந்துவிடுவானாம். "ஓடினேன்," என்கிறேன்.

அவன் திரை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வலது காலுறையைச் சுருட்டி இறக்கினான். உள்ளே சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது. பார்த்தேன். முழங்கால் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கி, பக்கவாட்டில் மஞ்சளும் நீலமுமாக. "பையா, இதைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிடு. எனக்கு ரெண்டு விரல் ஒடஞ்சிருக்கு, முடிச்சுப் போட வரல."

"யார் செஞ்சது?" என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் எனக்கே வெட்கம். என் பொருளை எவனோ திருடிவிட்டான் என்று பதறிக் கேட்கிற குரல் அது.

"எவனும் இல்ல. ட்ராம்லேர்ந்து இறங்கறப்ப படி வழுக்கிடுச்சு." சிரிக்கப் பார்த்தான். "மூணு வாரமாச்சு. மார்ஷ்வில்ல நொண்டிக் குதிரை வேணாம்னு துரத்திட்டானுங்க. சண்டைன்னு உங்க ஆள்கிட்ட நான்தான் கதை விட்டேன். இந்த ஆட்டத்தை ஆடி முடிச்சுட்டா வேற ஊர்ல எவனாவது எடுத்துக்குவான். மெக்கெய்ப்கிட்ட சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்," என்றேன். வாழ்க்கையில் நான் கொடுத்த வாக்குகளில் முழு மனசோடு கொடுத்தது அது ஒன்றுதான்.

"இன்னொண்ணு. எதிர்ல நிக்கற பதினோரு பேருக்கும் இது தெரியும். எந்தக் காலுன்னும் தெரியும். இந்த அணியில எந்தப் பக்கம் ஓடறதுன்னு எண் கூப்பிடறது நீதானாமே? என் பக்கமா ரொம்பக் கூப்பிடாதே. வலது பக்கம் ஓடு. என்ன?"

"பாத்துக்கறேன்."

துணியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு அவன் காலைத் தூக்கி என் தொடையில் வைத்தேன். சூடாக இருந்தது. ஹாட்டிக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றி அப்படித்தான் இருக்கும். ஒரு திருப்பு. இங்கேயே, இந்தக் காருக்குள்ளேயே, திரைக்கு அந்தப்பக்கம் ஊர் கத்திக்கொண்டிருக்க, ஒரு திருப்பு. ஆனால் ட்ராம் படி உடைத்துவிட்டுப்போன காலை நான் உடைத்தால் அது என்ன கணக்கில் சேரும்? செத்த பாம்பை அடிக்கிறவன் என்று சொல்வார்கள். ஒரு படி, மழையில் நனைந்த ஒரு மரப்படி, என் வேலையைச் செய்துவிட்டு என்னை வேடிக்கை பார்க்க வைத்துவிட்டது. தளர்வாகக் கட்டிவிடலாமா? முதல் இடியிலேயே அவிழ்ந்து, விழுந்து, தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு ஒரு நிமிடம் போதாது. படுக்கையில் ஏழு வாரம், எல்லாம் சேர்த்து ஒரு வருடம் நான் கிடந்திருக்கிறேன். அதனால் நன்றாகக் கட்டினேன். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தினதைப் பாதி மூடும்படி, ஏழு வாரம் ஹாட்டி எனக்குக் கட்டிக் கட்டி நான் கற்றுக்கொண்ட கட்டு. என் காலில் இருப்பதைவிட அது நேர்த்தியாக வந்தது. காலை ஊன்றிப் பார்த்துவிட்டு ஸ்டோல் ஆச்சரியப்பட்டுப்போனான். "அட, நிக்குதே! கைராசிக்காரன்டா நீ," என்றான். என் தோளில் தட்டினான்.

விசில். இறங்கி ஓடுகிறோம். ஒரு கல் காதோரம் போகிறது, அடுத்தது வரவில்லை. கோட்டில் எல்லோரும் குனிந்து நிற்கிறார்கள், எனக்கு முன்னால் இடது பக்கம் அந்த அகலமான முதுகு. முதல் வருடம் நான் எண் கூப்பிட்டால் இவர்களில் பாதிப்பேர் காது கேட்காதவர்கள்போல் நிற்பார்கள். தோற்றுத் தோற்று, பிறகு கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது என் வாயிலிருந்து ஒரு எண் வந்தால் பத்து வெள்ளைக்காரர்கள் அந்தத் திசையில் நகர்கிறார்கள். இந்த மாநிலத்தில் வேறு எந்தக் கறுப்பனுக்கும் இது வாய்த்ததில்லை. இடது பக்கம் ஓடினால் முப்பத்தாறு, வலது பக்கம் ஓடினால் முப்பத்தேழு. எதிரே மார்ஷ்வில்காரர்கள் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொப்பியும் பேக்கர் என்ற பெயரும் அவனை மறைத்துவிட்டதாக நம்புகிறவர் மெக்கெய்ப் ஒருவர்தான். ஒருவன் உதட்டை நக்கிக்கொள்கிறான்.

"முப்பத்தாறு!"

முதுகு ஒரு கணம் விறைத்தது. பிறகு ஓடினான். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், நன்றாக ஓடினான், இரண்டு பேரை அப்படியே பெயர்த்துத் தள்ளினான், நான் அந்தச் சந்துக்குள் நுழைந்து ஆறு கஜம் போனேன். ஊர் கத்தியது. திரும்பி வரும்போது அவன் கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. தற்செயல் என்று நினைத்திருப்பான்.

"முப்பத்தாறு!"

இந்த முறை மார்ஷ்வில்காரன் ஒருவன் பந்தைப் பார்க்கவேயில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராகத் துணிக்கட்டில் வந்து மோதினான். ஸ்டோலிடமிருந்து மாடு கதறுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. ஆனாலும் நின்றான். நான் கட்டிய கட்டு. மூன்று கஜம். எனக்குள் ஏதோ இளகி இறங்கியது, தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் இறங்குமே, அப்படி. மெக்கெய்ப் கோட்டோரத்தில் தொப்பியை ஆட்டிக்கொண்டிருக்கிறார், அவருடைய பேக்கர் எவ்வளவு அருமையாக ஆடுகிறான் என்று. வெளியே போக வேண்டுமென்றால் அவன் கையைத் தூக்கினால் போதும். தூக்க மாட்டான். தூக்கினால் எந்த ஊரிலும் அவனை எடுக்க மாட்டார்கள், அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"முப்பத்தாறு!"

விழுந்தான், மேலே விழுந்தார்கள், நான் அவர்களைத் தாண்டி இன்னும் நாலு கஜம். குவியல் கலைந்தபோது அவன் நாலு காலில் இருந்தான். எழுந்திருக்க மூன்று முறை முயன்றான். எழுந்து, கோட்டுக்குப் போய், குனிவதற்கு முன்னால் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். மேலுதடு நடுங்கியது.

"போதும், எஸ்ரா," என்றான்.

என் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காருக்குள் பையா என்றவனுக்கு. எதற்காக இந்த எண், எந்த நவம்பருக்காக, எல்லாம் தெரிந்திருக்கிறது. கார்க்கதவைத் திறந்து ஏறியபோதே தெரியும், காலைத் தூக்கி என் தொடையில் வைத்தபோதும் தெரியும், தெரிந்துகொண்டேதான் வைத்திருக்கிறான். எதிரே நிற்கிறவன் ஒருவன் அதைக் கேட்டுச் சிரித்தான். எலும்பு உடைகிற சத்தத்தைத்தான் ஒரு வருடம் முழுக்கக் கற்பனை செய்திருந்தேன், இப்படி ஒரு சொல்லைக் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. சத்தத்தைவிட இது இனிப்பாக இருந்தது. எவ்வளவு நேரம் இனித்தது என்றால், அவன் முகத்தைத் திருப்பிக் கையை மண்ணில் ஊன்றுகிற வரைக்கும். அப்புறம் பழையபடி பசித்தது. அடுத்த இடியில் அந்தக் கால் போய்விடும். அது போகிற இடத்தில்தான் அவன்மேல் நான் விழுவேன், என்மேல் பதினோரு பேர் விழுவார்கள், என் வலது கால் எந்தப் பக்கமாக மடங்கும் என்று எனக்குத் தெரியாது. ஹாட்டி முழுசாக ஒரு புருஷன் கேட்டிருந்தாள். வலது பக்கம் வெறிச்சென்று திறந்து கிடந்தது, ஒரு குழந்தைகூட அந்த வழியே ஓடிவிடலாம். ஒன்பது பேர் குனிந்து, என் வாயைப் பார்க்காமல், என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். பத்தாவது ஆளும் காத்திருந்தான்.

"முப்பத்தாறு!" என்றேன்.